அண்ணி கையிலிருந்த குச்சி

"சிஸ்டர், கையில குச்சி வைப்பாங்களாமே, அது இங்கதானா?" என்று அண்ணி என்னைக் கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அன்று காலையில்கூட, டிபன் பாக்ஸை மறந்துவிட்டுக் கிளம்பிய என்னைத் தெருமுனை வரை ஓடிவந்து, "பாப்பா, பாப்பா" என்று நிறுத்திக் கையில் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். அதே அண்ணி, சிவாஜிநகர் பக்கம் நான் வேலை பார்க்கும் அரசு ஆஸ்பத்திரியில், குடும்ப நலப் பிரிவின் கதவருகே, துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு யாரோ மாதிரி நின்று என்னை சிஸ்டர் என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது, உதட்டின் மேல் வேர்த்திருந்தது. பக்கத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, முன்பின் தெரியாத ஒரு நர்ஸிடம் கேட்பது போலவே மறுபடியும் கேட்டார். அப்போதுதான் இது விளையாட்டில்லை என்று எனக்குப் புரிந்தது.

குச்சி என்று அவர் சொன்னது, மேல்கையின் உட்புறத்தில் தோலுக்கடியில் வைக்கிற கருத்தடைச் சாதனம். தீக்குச்சி அளவுதான் இருக்கும், வளையும். வைத்துவிட்டால் மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை. நடுவில் பிள்ளை வேண்டும் என்று தோன்றினால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அது புதிதாக வந்திருந்த நேரம். டாக்டர் அம்மா பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். வைப்பது அவர் வேலை. வருகிற பெண்களை உட்கார வைத்து, என்ன ஆகும், என்ன ஆகாது என்று விளக்கிச் சொல்வது என் வேலை. அதற்கு ஏதோ வாயில் நுழையாத பெயர் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் குச்சி என்றார்கள், நாங்களும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டோம்.

அண்ணிக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அண்ணனுக்கு ஒரே பெண். அவள் பிறந்தபோது அண்ணிக்குப் பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடந்தார். வராந்தாவில் அண்ணனையும் என்னையும் நிற்க வைத்து, தாய் பிழைத்ததே பெரிய விஷயம், சிறுநீரகமும் அடிபட்டிருக்கிறது, அடுத்த பிள்ளையைப் பற்றி நினைக்காதீர்கள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அண்ணன் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லாதே. அவங்களுக்கும் பிரஷர் இருக்கு." அம்மாவுக்கு என்ன சொன்னோம்? கொஞ்சம் மயக்கம், தெளிந்துவிட்டது, நாலு நாள் வைத்திருந்து அனுப்புவார்கள் என்றோம். அம்மா வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டு, மருமகள் வந்ததும் என்ன பத்தியம் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை. எழவிடாமல் பார்த்துக்கொண்டோம்.

விஷயம் தெரியாத அம்மா, குழந்தை நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே இன்னொன்று வேண்டும் என்று கேட்கத் தொடங்கினாள். பேரன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ரகம் இல்லை அவள். "ஒத்தப் பொண்ணா வளந்தா நாளைக்கு அதுக்குன்னு யாரு இருக்கா? ஒரு தொணை வேணாமா?" என்பாள். அதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது? அண்ணன்தான் மோசம். அம்மா சொல்லச் சொல்ல, அவனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான். ஆபரேஷன் பண்ணிக்கொள்கிறேன் என்று அண்ணி கேட்டதற்கு, "அது அப்போ. இப்போ உடம்பு தேறிடுச்சே, ஏன் சும்மா பயப்படறே?" என்றானாம். அண்ணன் நல்லவன்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவன், குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் ஐ.சி.யூ. வாசலில் அழுத அழுகையை எப்படித்தான் மறந்தானோ, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று அண்ணியை என் எதிரே உட்கார வைத்து, எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். புருஷன் கையெழுத்து தேவையில்லை. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் வைப்பார்கள். சிலருக்கு உதிரப்போக்கு தாறுமாறாக வரும், சிலருக்கு மாதவிடாய் நின்றே போகும், இரண்டிலும் ஆபத்தில்லை. இந்த இடத்தில்தான் அண்ணி தலையை நிமிர்த்தினார். "நின்னு போச்சுன்னா அத்தை கவனிச்சிடுவாங்களே" என்றார். சிஸ்டர் என்று கூப்பிட்ட நாடகம் அத்தோடு முடிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, இன்னொரு தடவை அங்க போனா நான் திரும்பி வரமாட்டேன். எனக்குத் தெரியும். நீ வீட்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றார். அவர் கேட்காவிட்டாலும் நான் சொல்லியிருக்கக் கூடாது. அந்த அறையில் கேட்டது அந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்பதுதான் எங்கள் வேலையின் முதல் பாடம். மற்றப் பெண்களின் ரகசியத்தை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு நான் பஸ் ஏறிவிடலாம். இந்த ரகசியத்தோடு ஒரே வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே பாய் விரித்துப் படுக்க வேண்டும். மாதவிடாய் வந்திருந்த நாட்களாகப் பார்த்துத்தான் அவர் வந்திருந்தார், கர்ப்பம் இல்லை என்பது உறுதி; டாக்டர் அம்மா அன்றே வைத்துவிட்டார். கட்டு தெரியாமல் இருக்க முழங்கை வரை இறங்கும் சுடிதார் போட்டுக்கொண்டு, ஹெப்பகோடி கம்பெனியில் தான் பார்க்கும் பேக்கிங் வேலை முடிந்து வழக்கமாக வருகிற நேரத்துக்குச் சரியாக வீட்டுக்கு வந்தார். அம்மா ஒன்றும் கவனிக்கவில்லை. நான்தான் அன்று குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன்.

எங்கள் வீடு ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு ஹாலும் ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். அந்த வீட்டில் யாருக்குத் தலைவலி என்பதுகூட மறைக்க முடியாத சமாச்சாரம். அதிலும் மாதவிடாய் விஷயத்தில் அம்மா கண்டிப்பு. அந்த நாட்களில் சாமி விளக்கை ஏற்றக் கூடாது. மற்ற நாளெல்லாம் விளக்கேற்றுவது அண்ணிதான். "அத்தை, இன்னிக்கு நீங்க ஏத்திடுங்க" என்று அவர் சொன்னால் அவ்வளவுதான் அர்த்தம், வேறு பேச்சுத் தேவையில்லை. நர்ஸாக இருந்துகொண்டு நானும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் இருந்தேன். அம்மாவிடம் யார் வாதாடுவது?

குச்சி வைத்ததற்கு அடுத்த மாதமே அண்ணிக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. அண்ணி சமாளித்தார். வழக்கமான நாள் வந்ததும், "அத்தை, நீங்க ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்விட்டார். சாமியிடமே பொய் சொன்ன மாதிரி இருக்கிறது என்று என்னிடம் முணுமுணுத்தார். அதற்கடுத்த மாதம் குழந்தைக்குக் காய்ச்சல். அந்தக் கவலையில் பொய் சொல்ல வேண்டிய நாளையே அண்ணி மறந்துவிட்டு, தினமும் சாயங்காலம் முகம் கழுவி விளக்கேற்றிக்கொண்டே இருந்தார். நானும் கவனிக்கவில்லை. அம்மா கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஒரு நாள் அண்ணி தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போக, அம்மா ஓடிவந்து பிடுங்கினாள். "நீ இதெல்லாம் தூக்காதே கண்ணு" என்றாள். அந்தக் கண்ணு என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா என்ன நினைத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணி என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி என்னை வழிமறித்து, "ஏனம்மா, ஒள்ளே சமாச்சாரனா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நல்ல செய்தி அதற்குள் சுவர் தாண்டிப் போயிருந்தது. அம்மாவின் நடையே மாறிவிட்டது. முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை. அண்ணிக்கு மாதுளம்பழம் உரித்துக் கொடுப்பாள், வாங்கியதில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைப்பாள். அந்த முத்துகளை அண்ணி ஒவ்வொன்றாக வாயில் போட்டு விழுங்குவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அண்ணன் இன்னொரு பக்கம் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தான். பயம் அவனுக்கு இல்லாமல் இல்லை. சில நேரம் அண்ணியின் முகத்தை உற்று உற்றுப் பார்ப்பான். ஆனால் கேட்க மாட்டான்.

இதில் எங்களுக்குத் தெரியாத ஒரு சங்கதியும் இருந்தது. அம்மா முன்பே மாரியம்மன் கோவிலில் தொட்டில் கட்டிவிட்டு வந்திருந்தாள். கோவில் வாசல் கடையில் மஞ்சள் துணியில் சின்னத் தொட்டில் விற்பார்கள். உள்ளே ஒரு கூழாங்கல்லைப் பிள்ளையாகப் படுக்க வைத்து, பிராகாரத்து மரத்தில் கட்டி வேண்டிக்கொண்டால் வீட்டில் தொட்டில் ஆடும் என்பது அங்கே வருகிறவர்களின் நம்பிக்கை. அம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள், வருகிற வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அறிவித்தாள். நான் அண்ணியைத் தனியாகப் பிடித்தேன். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "குச்சியை எடுத்துடவா பாப்பா? அவங்க சந்தோஷத்தைப் பாக்க முடியல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுக்கச் சொல்லிக் கேட்டு வருகிறவருக்கு எடுத்துவிட வேண்டும் என்பதும் எங்கள் பாடம்தான். அவர் நாளைக்கே வந்து எங்கள் வரிசையில் உட்கார்ந்தால் மறுப்பதற்கு நான் யார்? அந்த வாரம் ஒவ்வொரு நாளும் காலையில் கதவைத் திறக்கும்போது, வெளியே அண்ணி உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை அண்ணி லீவு போட்டார். ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பப்போகிறார் என்று பயந்து, அவரைத் தனியே விட மனசில்லாமல், நானும் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். அம்மா ஹாலில் உட்கார்ந்து மறுநாள் பொங்கலுக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் கிளம்பத் தயாராகச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். அண்ணி வந்து அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அத்தை, எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல."

அம்மா தட்டுவதை நிறுத்தவில்லை. "இல்லாம? ஒண்ணரை மாசமா விடாம நீதானே வெளக்கு ஏத்தறே."

"கையில குச்சி வெச்சுக்கிட்டேன் அத்தை. புள்ள நிக்காம இருக்க. அதனாலதான் வரலை."

வெல்லம் தட்டிய கை அப்படியே நின்றது. அம்மா முதலில் அண்ணனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தபடி நின்றான். அடுத்து என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "உனக்கும் தெரியுமாடி?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அண்ணி பேசிக்கொண்டே போனார். வலிப்பு, நினைவு தப்பியது, சிறுநீரகம், வராந்தாவில் டாக்டர் சொன்னது எல்லாவற்றையும், அழாமல், யாருக்கோ நடந்த மாதிரி சொன்னார். "நான் செத்துட்டா இவளுக்குத் தொணை யாரு அத்தை?" என்று குழந்தையைக் காட்டினார். குழந்தை வெல்லத் தூளை விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தது.

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினாள், ஆனால் அண்ணியிடம் இல்லை. "இன்னாடா, வாய்ல மண்ணா வெச்சிருந்தே?" என்று அண்ணன் மேல் பாய்ந்தாள். "பிரஷரு ஏறும்னு சொல்லலையா? ஏறட்டுமே! நான் இத்தனை நாளா கோயில்ல போயி இந்தப் பொண்ணோட சாவையா வேண்டிக்கினு இருந்தேன்?" அதைச் சொன்னதும் அவளுக்கே அதன் அர்த்தம் உறைத்திருக்க வேண்டும். மார்பில் கை வைத்துக்கொண்டாள். நான் ஓடிப் போய்த் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் தம்ளரைத் தள்ளிவிட்டாள். "தொட்டில் கட்டிட்டேனே. அந்த அம்மன் குடுத்துட்டா என்ன பண்றது?" என்றாள்.

நான் விளக்கினேன். குச்சி இருக்கும்போது கர்ப்பம் நிற்பது அபூர்வத்திலும் அபூர்வம் என்றேன். அபூர்வம்னா இல்லவே இல்லைன்னு அர்த்தமா என்று அம்மா கேட்டாள். நூற்றுக்கு நூறு என்று எதையும் சொல்லக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கடைக்குப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை வாங்கி வந்தேன். ஒரே கோடுதான் விழுந்தது, கர்ப்பம் இல்லை. இரண்டாவது கோடு வருகிறதா என்று நாங்கள் நாலு பேரும் அந்த அட்டை மேல் கவிழ்ந்து கிடந்தோம். அண்ணன் அன்றைக்கு வண்டியை எடுக்கவே இல்லை. அண்ணியின் காலடியில் உட்கார்ந்து, தரையில் சிந்திய வெல்லத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான். அட்டையைப் பார்த்தும் அம்மாவுக்கு ஆறவில்லை. "இது இன்னிக்கு இல்லைன்னு சொல்லுது. அவ நாளைக்குக் குடுத்தா?" என்றாள். இதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் லேசாகப் பயம் பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனோம், பொங்கல் வைக்க அல்ல, தொட்டிலை அவிழ்க்க. அண்ணன் வாசலில் குழந்தையோடு நின்றுகொண்டான். மரத்தடிக்குப் போனதும் அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. கிளை தெரியாமல் மஞ்சள் தொட்டில்கள். எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே துணி, ஒரே அளவு. இந்தப் பக்கம்தான் கட்டினேன் என்பாள், இல்லை, அந்தப் பக்கம் என்பாள். ஏதாவது ஒன்றை அவிழ்த்துவிட்டுப் போகலாம் என்றேன். என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். "எவ புள்ளைய நான் அவுக்கிறது?" என்றாள். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே மரத்தைச் சுற்றினோம். அம்மா முடிச்சுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் ஒரு இடத்தில் நின்று, சன்னிதி பக்கம் திரும்பி, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். அம்மாவுக்கு மெல்லப் பேச வராது. சாமியிடமும் அப்படித்தான்.

"தாயே, தெரியாத்தனமா கேட்டுட்டேன். குடுக்காதே. எனக்கு இவ உசுரு போதும். என் மருமக கையில குச்சி வெச்சிக்கினு இருக்கா, புள்ள வராம இருக்க. அந்தக் குச்சிக்கு நீதான் காவல். அது தோத்துடாம பாத்துக்க தாயே."

பிள்ளை வரம் கேட்க வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அண்ணி மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐ.சி.யூ.விலிருந்து வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அண்ணியும் அண்ணனும் இப்போது ஹெப்பகோடிக்கே குடிபோய்விட்டார்கள். இந்த வீட்டில் அம்மாவும் நானும்தான். குச்சியை மாற்ற வேண்டிய வருஷம் நெருங்குவதால், மறந்துவிடப் போகிறாள், ஞாபகப்படுத்து என்று என்னை அம்மா படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. பயம் எங்கள் வீட்டை விட்டு இன்னும் போகவில்லை. ஆனால் அண்ணி தனியாகச் சுமந்த பயத்தை இப்போது நாலு பேர் சுமக்கிறோம். அண்ணியை நினைக்கும்போதெல்லாம் என் கண்முன்னால் வருவது அந்த வெள்ளிக்கிழமை, நாங்கள் மரத்தடியை விட்டுக் கிளம்பிய நேரம்.

செருப்பு விட்ட இடத்துக்கு வந்தபோது, பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, கண்ணைச் சுற்றிக் கருவளையம், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவளுடைய மாமியார் கொஞ்சம் தள்ளி நின்று தொட்டிலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "அக்கா, அந்தக் குச்சின்னாங்களே, அது எங்க வைக்கறாங்க?" என்று அவள் அண்ணியிடம் கேட்டாள். கேட்டுவிட்டு உடனே திரும்பி மாமியாரைப் பார்த்துக்கொண்டாள். அத்தனை நாளும் வீட்டில் கையை மறைத்து மறைத்துத் திரிந்த அண்ணி, ஒரு வார்த்தை பேசாமல் சுடிதார்க் கையைத் தோள் வரை சுருட்டினார். அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து மேல்கையின் உட்புறத்தில் வைத்தார். "அழுத்திப் பாரு, பயப்படாதே" என்றார். நான் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்ல ஆரம்பித்தேன்.

"எங்கடி போனே?" என்று மாமியாரின் குரல் கேட்டது. அந்தப் பெண் விரலை எடுக்கவில்லை. அப்போது அம்மா, முட்டி வலியோடு விறுவிறுவென்று நடந்து போய், அந்த மாமியாருக்கு முன்னால் வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். "ஏம்மா, தொட்டில் இன்னா வெல சொல்றான்? எந்த ஊரு உங்களுக்கு? எத்தினி பசங்க?" என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வழியைச் சொல்லி முடிக்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.